உன் தம்பியை வாசகர் என்று எழுதியவர்

என் மகளுக்கு, கதிரவெளியில் இருந்து அம்மா எழுதுவது.

வட்ஸ்அப்பில் நீ அனுப்பியிருந்த நீண்ட செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன். பதில் போடலாம் என்று தட்டத் தொடங்கி, "ஓம் மகள்" என்பதோடு நிற்க, உன் தம்பி ரூபன் போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். அதுவும் நல்லதற்குத்தான். நான் சொல்லப்போவது போனில் அடங்கக்கூடியது அல்ல. வாய்விட்டுச் சொன்னால் ஒன்றில் நீ குறுக்கே பேசுவாய், அல்லது நான் அழுதுவிடுவேன். ஆகவே உன் அப்பாவின் கொப்பியில் தாள் கிழித்துக்கொண்டு முற்றத்து வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து முன்புபோல் இல்லை. பொறுமையாக வாசி.

நீ எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், உனக்கென்று ஒரு நூலகம் கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு தாய் ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிழமையில் நான்கு நாள் அங்கே வருகிறாள். பிள்ளை கைகளை உதறிக்கொண்டு புத்தக ராக்கைகளைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, கூவுகிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் முறைப்பாடு செய்துவிட்டார்கள். வாசகர் வட்டத்தில் ஒருவர், 'விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை மட்டும் அனுமதி' என்று ஓர் அறிவித்தல் ஒட்டச் சொல்கிறார். அதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டியவள் நீ. "அது அவங்களுக்கும் நல்லந்தானே அம்மா, ஒரு நேரம் முழுக்க அவங்களுக்கே" என்று எழுதிவிட்டு, கடைசியில் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றும் கேட்டிருக்கிறாய். நான் என்ன நினைக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதாதே. கையெழுத்தும் வைக்காதே. அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால், இத்தனை வருடமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த இரண்டு விஷயங்களையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலாவது, உன் தம்பியின் பேச்சைப் பற்றியது. சுனாமியில் பயந்துதான் ரூபனின் பேச்சு நின்றது என்று நீ நம்பி வளர்ந்தாய். உன் சிநேகிதிகளுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். அது பொய், மகள். அந்தப் பொய்யைச் செய்தவள் நான். கடல் வருவதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே அவன் பேச்சை விட்டுவிட்டான். உனக்கு அப்போது ஒன்பது வயது, நான் சொல்லச் சொல்ல உன் நினைவும் அப்படியே மாறிவிட்டது. இரண்டு வயதில் அவனிடம் ஏழெட்டுச் சொல் இருந்தது. 'தா' என்பான், 'மீன்' என்பான், உன்னைத் தெளிவாக 'அக்கா' என்று கூப்பிடுவான். பிறகு ஒவ்வொன்றாகப் போனது. கூப்பிட்டால் திரும்பமாட்டான். கடற்கரையில் பொறுக்கிய சோகிகளை வரிசையாக அடுக்கிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழிப்பான். உன் அப்பாவின் சொந்தக்காரர்கள் என்னைத்தான் பிழை சொன்னார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கிரகணம் பார்த்தவள் என்றார்கள். தாய்க்காரி பிள்ளையோடு பேசிப் பறையாமல் விட்டால் பிள்ளை எப்படிப் பறையும் என்றார்கள். நல்லது கெட்டதற்குக்கூட அவனைக் கூட்டிக்கொண்டு போகாமல் நான் வீட்டோடு கிடந்தேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அப்பா விடியலில் தோணி கொண்டு போயிருந்தார். கடல் எழும்பி வருகிறது என்று சத்தம் கேட்டதும் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு, றோட்டைக் கடந்து பற்றைக்காட்டுக்குள் ஓடினேன். உனக்குப் பத்து வயது. ஏன் எதற்கென்று ஒரு கேள்வி கேட்காமல் ஓடி வந்தாய். ஆழ்கடலில் நின்றதால் அப்பா தப்பினார். பொழுதுபட வந்து எங்களைக் கண்டுபிடித்து, மணலில் குந்தியிருந்து அழுதார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. அடுத்த வளவில் மூன்று பேர் போய்விட்டார்கள். பிறகு உதவி செய்ய வந்தவர்கள் கூடாரம் கூடாரமாக எழுதிக்கொண்டு வந்தபோது ஒரு பெண்பிள்ளை என்னிடம் கேட்டா: "தம்பி எப்ப தொட்டு இப்பிடிப் பறையாம இரிக்காரு?" எனக்கு யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "கடல் வந்த நாளில இரிந்துதான்" என்றேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டா. முன்பே அவனைத் தெரிந்தவர்கள்கூட அதை மறுக்கவில்லை, ஊரில் ஒருவரும் அதன்பிறகு கிரகணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. அத்தனை பேரின் உயிரைக் கொண்டுபோன கடல், என்மேல் இருந்த பழியையும் கொண்டுபோய்விட்டது என்று அப்போது நினைத்தேன். வெட்கக்கேடுதான். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பொய்க்கு உன் தம்பி கொடுத்த விலை இரண்டு வருடம். பயந்த பிள்ளை என்று அவனுக்குப் பொம்மை காட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், கடலைப் படமாகக் கீறச் சொன்னார்கள். அவன் வண்ணக்கட்டிகளை வாங்கி வரிசையாக அடுக்கினான். பயம் தெளிந்தால் பேசுவான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். தெளிய வேண்டிய பயம் அவனிடம் இல்லை என்று தெரிந்த நான் வாய் திறக்கவில்லை. அதற்குள் சண்டை மூண்டு, தற்காலிகமாகக் கட்டித்தந்த வீட்டையும் விட்டு, காட்டு வழியாக இரண்டு பகல் நடந்து, மட்டக்களப்புப் பக்கம் ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே தண்ணீர் வரிசைக்குப் போகும்போதெல்லாம் அவனைப் பழஞ்சீலையால் கூடாரக் கம்பத்தோடு கட்டிவிட்டுப் போவேன். காலில் இல்லையே, இடுப்பில்தானே என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்வேன். நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியிருக்கிறாய்.

முகாமில் இருந்து ஐந்து நிமிட நடையில் அந்தக் கிராமத்துப் பொது நூலகம் இருந்தது. நிரந்தர விலாசம் இல்லாததால் முகாம் பிள்ளைகளுக்கு உறுப்புரிமை அட்டை கொடுக்கமாட்டார்கள். இருந்து வாசிக்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, மூன்று மணிக்கெல்லாம் நீ அங்கே ஓடிவிடுவாய். கூடாரத்துக்குள் வெக்கை தாங்காது, அங்கே மேசையும் காற்றாடியும் இருந்தன. உனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே இடம் அதுதான். அது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. பால்மா கொடுக்கிறார்கள் என்று ஒரு பின்னேரம் நான் வரிசைக்குப் போக வேண்டியிருந்தது. தம்பியையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். "வேணாம் அம்மா, எல்லாரும் பாப்பாங்க" என்று நீ கெஞ்சினாய். நான் கத்தினேன். நீ அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

இரண்டாவது விஷயம் இதுதான். வரிசை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. உங்களைக் கூட்டிப்போக நூலகத்துக்கு வந்தேன். படியில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சத்தம் கேட்டது. தினமும் பேப்பர் வாசிக்க வரும் அந்த ஓய்வுபெற்ற ஓவசியர் ஐயாதான். "இது லைப்ரரியா, சந்தையா? ஆர்ர புள்ள இது?" என்று மேசையில் தட்டினார். ரூபன் உன் மேசைக்குக் கீழே குந்தியிருந்து, உன் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் கூவிக்கொண்டிருந்தான். நூலகப் பொறுப்பாளர் மிஸ் உன்னிடம் வந்து, "மகள், உங்கட தம்பியா?" என்று கேட்டா. நீ சொன்னாய்: "இல்ல மிஸ். முகாமில இரிக்கிற ஒரு புள்ள. என்ட பின்னால வந்திட்டான்."

அப்போதுதான் வந்தவள்போல நான் உள்ளே வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் எதையும் கேட்கவில்லை என்றுதான் நீ இன்றுவரை நினைத்திருப்பாய். கேட்டேன், மகள். அன்றைக்கு என் நெஞ்சு வெடித்தது உண்மை. ஆனால் கூடாரத்துக்கு வந்து யோசித்தபோது உன்மேல் கோபம் வரவில்லை. நான் கடலைச் சொல்லித் தப்பினேன், நீ முகாமைச் சொல்லித் தப்பினாய். இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு மனிதர் முன்னால் நிற்க வேண்டுமென்றால் ஒரு பொய் வேண்டும் என்பதை நீ என்னிடமிருந்துதான் படித்தாய். இதை நீ இத்தனை காலம் தனியாகச் சுமந்திருந்தால், இன்றைக்கு இறக்கி வை. அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

மறுநாள் உன்னிடம் சொல்லாமல் தனியே நூலகத்துக்குப் போனேன். அந்த மிஸ்ஸை உனக்குத் தெரியும்தானே, முகத்தில் லேசில் சிரிப்பு வராது. இடுப்பில் கதவுத் திறப்புக்கொத்தோடு புத்தகத்துக்குச் சீல் குத்திக்கொண்டிருந்தா.

"மன்னிச்சுக்கங்க மிஸ். நேத்துச் சத்தம் போட்டது என்ட மகன்தான். இனிக் கூட்டிக்கொண்டு வரமாட்டன்" என்றேன்.

"ஏன்?" என்றா, தலையை நிமிர்த்தாமல்.

"அவருக்கு வாசிக்கத் தெரியா மிஸ். பேச்சும் இல்ல. சுனாமியில பயந்த புள்ள."

"புத்தகத்தக் கிழிச்சாரா?"

"இல்ல மிஸ்."

"ஆருக்கும் அடிச்சாரா?"

"இல்ல. சத்தம் மட்டுந்தான்."

சீல் கட்டையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தா. பிறகு சொன்னா: "நாளைக்கு மூணு மணிக்கு நீங்களே கூட்டிக்கொண்டு வாங்க. மகளோட விடாதீங்க, அவ படிக்க வாற புள்ள. அரை மணித்தியாலம் இரிந்து பாப்பம். எனக்கும் இதொண்டும் தெரியா தங்கச்சி. சரிவரல்லண்டாச் சொல்லுவன்."

உன்னை அந்த வேலையில் இருந்து விடுவித்தது அவதான், நான் அல்ல என்பதைக் கவனி. உன்னிடம் "உங்கட தம்பியா?" என்று கேட்டவவுக்கு, பாவாடை நுனியைப் பிடித்திருந்த கையும் தெரிந்துதான் இருக்கும். அதைப் பற்றி அவ என்னிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

முதல் நாள் ஐந்து நிமிடம்கூட இருக்க முடியவில்லை. காற்றாடி டிக் டிக் என்று அடித்துக்கொண்டு சுற்றும். அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். மிஸ் காற்றாடியை நிறுத்தினா, மற்றவர்கள் வெக்கையில் முணுமுணுத்தார்கள். அடுத்த நாள் பின்கதவுக்குப் பக்கத்தில், காற்றாடி இல்லாத மூலையில், ஒரு சின்ன மேசையை இழுத்துப் போட்டிருந்தா. சத்தம் கூடினால் எல்லாருடைய முகத்தையும் தாண்டிப் போகாமல் பின்பக்கமாக வெளியேறி வாவிக்கரையில் நிற்கலாம். அவனால் முடியாத நாட்களில் அவவே வந்து, "இண்டைக்கு இவ்வளவு காணும் தங்கச்சி. நாளைக்கு மூணு மணிக்கு வாங்க" என்பா. எத்தனையோ இடத்தில் எங்களைப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து எப்போது வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பியது அந்த ஒரு இடத்தில்தான். ஓவசியர் ஐயா முறைப்பாட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதினார். மிஸ் அதை அவர் முன்னாலேயே வாசித்து, கீழே கையெழுத்து வைத்து, "பாத்திருக்கன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

அவன் புத்தகத்தைத் திறந்து மணப்பான், தாளை விரலால் தடவுவான். பிறகு பழைய சஞ்சிகைக் கட்டொன்றை மிஸ் அவனிடம் கொடுத்தா. இலக்கத்தின் உருவத்தைப் பார்த்துப் பார்த்து அவற்றை ஒழுங்காக அடுக்கக் கற்றுக்கொண்டான். நான் அவனோடு இருக்கத்தான் வேண்டும். சும்மா இருக்க முடியாமல் நானும் வாசிக்கத் தொடங்கினேன். சாதாரணதரப் பரீட்சை முடித்து, கலியாணம் கட்டிய பிறகு நான் புத்தகம் தொட்டது அங்கேதான். அப்படி ஒருநாள் ஒரு பழைய சஞ்சிகையில், சில பிள்ளைகள் பேசத் தொடங்கிய சொற்களையும் இரண்டு மூன்று வயதில் விட்டுவிடுவார்கள், பொருட்களை வரிசையாக அடுக்குவார்கள், கூப்பிட்டால் திரும்பமாட்டார்கள் என்று ஒரு வைத்தியர் எழுதியிருந்தார். அதற்கு ஆட்டிசம் என்று பெயரும் போட்டிருந்தது. தாயின் வளர்ப்பில் வரும் குறை இது அல்ல என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. எழும்பி மிஸ்ஸிடம் கொண்டுபோய், "இது என்ட மகன் மிஸ்" என்றேன். "சுனாமிக்குப் பிறகுதானே எண்டு சொன்னீங்க?" என்றா. "இல்ல மிஸ். முதல்லயே போயிட்டு. நான் பொய் சொன்னன்" என்றேன். உன் அப்பாவுக்கும் தெரிந்த, ஆனால் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ளாத உண்மையை, சத்தமாகக் கதைக்கக் கூடாத ஓர் இடத்தில் மெல்லிய குரலில் முதன்முதலாகச் சொன்னேன். அவ என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான கிளினிக் எந்த நாள் என்று விசாரித்து, ஒரு துண்டில் எழுதித் தந்தா. அந்தத் துண்டோடு போன பிறகுதான் அவனுக்குப் படம் காட்டிக் கற்பிக்கும் வழி எங்களுக்குத் தெரிந்தது. சீலையால் கட்டுவதை அந்தக் கிழமையோடு விட்டேன்.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றார்கள். அப்பாவுக்குக் கடலை விட்டு இருக்க முடியாது. நான் வரமாட்டேன் என்று நின்றேன். மகளின் படிப்பு கெட்டுப்போகும் என்று எல்லாரிடமும் சொன்னேன். அதுவும் பாதிப் பொய்தான், மன்னித்துக்கொள். நான் விட்டுப்போக மனமில்லாமல் இருந்தது அந்த மூன்று மணியை. அப்பா தனியே கதிரவெளிக்குப் போய், சனிக்கிழமைகளில் கருவாட்டுப் பொதியோடு பஸ் ஏறி வந்தார். நாம் ஒரு வீட்டின் பின் அறையில் இருந்தோம், நான் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்தேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம். நூலகத்தில் எல்லாரும் ரூபனைத் தெரிந்துவைத்திருந்தார்கள். "கெட்டிக்காரன், ஒரு சஞ்சிகை மாறாம அடுக்கிறான்" என்பார்கள். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. அவனும் பிரயோசனமான பிள்ளைதான் என்று மனம் நிமிர்ந்து நடந்தேன்.

யுத்தம் முடிந்தது என்று றோட்டில் வெடி கொளுத்திய அந்தப் பின்னேரம் உனக்கும் நினைவிருக்கும். யார் கொளுத்தினார்கள், எதற்குக் கொளுத்தினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. நூலகத்துக்குள் இருந்த ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்கவில்லை. வன்னியில் சொந்தம் உள்ளவர்கள் காலையில் இருந்தே பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தார்கள். முதல் கட்டு வெடி மதிலுக்குப் பக்கத்தில் வெடித்ததும் எல்லாரும் நிலத்தில் விழுந்தார்கள். அது பட்டாசு என்று மூளைக்கு எட்டுவதற்கு முன்னே உடம்பு விழுந்துவிட்டது. ஓவசியர் ஐயா அந்த வயதில் மேசைக்குக் கீழே புகுந்துவிட்டார். ரூபன் மட்டும் விழவில்லை. அவன் ஓடினான். நான் எட்டிப் பிடிப்பதற்குள் கண்ணாடி அலுமாரியில் இரண்டு கையாலும் அறைந்தான். கண்ணாடி நொறுங்கி, கையெல்லாம் இரத்தம். யாரோ ஒருவர் அவனை மடக்கிப் பிடிக்கப் போனார். அப்போது உன் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் இருந்த மேசையில் இருந்து நீ எழும்பி ஓடி வந்தாய். "அவன விடுங்க. என்ட தம்பி. நான் பிடிக்கிறன்" என்று கத்தினாய். அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டு, அவன் காதுகளை உன் இரண்டு கையாலும் பொத்தினாய். ஓவசியர் ஐயா மேசைக்குக் கீழே இருந்து வந்து தன் சால்வையை இரண்டாகக் கிழித்துக் கட்டுப் போட்டார். மிஸ் ஒவ்வொரு யன்னலாகச் சாத்திக்கொண்டு போனா.

நல்ல மனிதர்கள் என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. அலுமாரி அரச சொத்து. பிரதேச சபையில் இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மனநிலை சரியில்லாத பிள்ளைகளை உள்ளே விட்டது யார் என்று கேட்டிருந்தார்கள். அதற்கு முந்தின கிழமைவரை கெட்டிக்காரன் என்று சொன்னவர்களே, "பாவந்தான், ஆனா மத்தப் புள்ளைகளுக்கு ஆபத்துத்தானே" என்றார்கள். நான் மிஸ்ஸிடம் ஓடினேன். கைகூப்பாத குறைதான். "அவனால உங்களுக்கு எவ்வளவு உதவி மிஸ், சஞ்சிகை எல்லாம் அடுக்கித் தாறான், அதையாவது யோசிச்சுப் பாருங்க" என்றேன். அன்றைக்குத்தான் அவவுக்குக் கோபம் வந்ததைப் பார்த்தேன்.

"என்ன பறையிறீங்க தங்கச்சி? வேலை செய்து தந்தாத்தான் இஞ்ச இடமா? ஓவசியர் ஐயா பதினஞ்சு வருசமா வாறார். வாசிச்ச பேப்பர ஒருநாளாவது மடிச்சு வெச்சிரிக்காரா? அவர ஆரும் வர வேணாம் எண்டாங்களா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் பிள்ளைக்கு நான் தேடிக்கொண்டிருந்த அனுமதிச் சீட்டு அவனுக்குத் தேவையே இல்லாத ஒன்று என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். முதலில் கடலைக் காட்டி இரக்கம் கேட்டேன், பிறகு அடுக்கி வைத்த சஞ்சிகையைக் காட்டி இடம் கேட்டேன். பிள்ளை என்பது போதாது என்று நானே நம்பியிருக்கிறேன். பிறகு அவ சபைக்கு எழுதிய பதிலின் பிரதியை எடுத்து, நடந்தது நடந்தபடி இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்கச் சொன்னா. இப்படி இருந்தது: 'வெடிச் சத்தத்தினால் நூலகத்தில் இருந்த அனைவரும் அதிர்ச்சியடைந்த வேளையில், வாசகர் ஒருவரின் கை பட்டு அலுமாரிக் கண்ணாடி உடைந்தது. வாசகருக்குக் கையில் காயம் ஏற்பட்டது.' அவ்வளவுதான். அதுவரைக்கும் எங்கெல்லாமோ படிவங்களில் அவனை எப்படியெல்லாமோ எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொற்களை நான் இங்கே எழுதமாட்டேன். ஓர் அரச கடிதத்தில் அவன் ஊரில் உள்ள மற்றவர்களைப்போல ஒருவனாக இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். "சரியா இரிக்கா?" என்று கேட்டா. "சரி மிஸ்" என்றேன்.

வாசகர் வட்டக் கூட்டத்தில் அவனை நிறுத்துவது பற்றிக் கதை வந்தபோது, எழும்பியவர் ஓவசியர் ஐயா. எல்லாரும் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். "வெடிக்குப் பயந்து நானுந்தான் மேசைக்குக் கீழ பூந்தன். அவனை நிப்பாட்டிறெண்டா என்னையும் நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கதை அதோடு நின்றது. ரூபன் கைக்கட்டோடு அடுத்த திங்கள் மூன்று மணிக்குப் போனான். ஓவசியர் ஐயா அவனுடைய சத்தத்துக்குக் கடைசிவரை முகம் சுளித்துக்கொண்டுதான் இருந்தார். அதில் எனக்குக் குறை இல்லை. பக்கத்தில் இருப்பவரை எல்லாருக்கும் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று எந்த நூலகத்திலும் சட்டம் இல்லையே.

நீ நூலகர் ஆனதற்கு அந்த இடம்தான் காரணம் என்று நேர்முகத்துக்குப் போன அன்று சொன்னாய். அதனால் உறுதியோடு சொல்கிறேன், உன்னால் முடியும். சனிக்கிழமை காலை அவர்களுக்கென்று ஒரு நேரம் வைக்க விரும்பினால் வை, கதை சொல்லு, பாட்டுப் போடு, நல்லது. ஆனால் 'மட்டும்' என்ற சொல்லை மட்டும் சுவரில் ஒட்டாதே. அந்த அறிவித்தலை வாசிக்கும் தாய் அடுத்த சனிக்கிழமை வரமாட்டாள். பிள்ளையை வீட்டோடு வைத்திருப்பதற்கு அவளுக்கு அது ஒரு காரணமாகிவிடும். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். உன் நூலகத்தில் எந்தச் சத்தம் அந்தப் பிள்ளையைக் குழப்புகிறது என்று முதலில் பார். மணியா, காற்றாடியா, இரும்புக் கதிரையை இழுப்பதா? வெளியே போகச் சுருக்கமான வழி உள்ள ஒரு மூலையைக் கொடு. தாய்க்கும் ஒரு கதிரை போடு, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் ஏதாவது வாசிக்க வை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் முறைப்பாடும் பொய்யில்லை, அவர்களுக்கு உள் அறையைத் திறந்து கொடு. அங்கே கிடக்கும் பழைய இரும்புப் பெட்டிகளை எடுத்தால் நான்கு மேசை போடலாம் என்று நீதானே எழுதியிருந்தாய். முடியாத நாளில் போகச் சொல்லத்தான் வேண்டும், சொல். ஆனால் எப்போது திரும்பி வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல். சபைக்காரர் கேட்டால் உன் வாயால் நேரே பதில் சொல். நீ பயந்த பிள்ளை இல்லை.

உன் தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சுகமாக இருக்கிறான். மீசை தடித்துவிட்டது, அப்பாவைவிட உயரம். 'அக்கா' என்ற சொல் திரும்பி வரவில்லை, மகள். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். 'போவம்', 'காணும்', 'பூட்டு' என்று வேறு சில சொற்கள் வந்திருக்கின்றன, அவற்றைச் சரியான இடத்தில் சொல்கிறான். காலையில் அப்பாவோடு வலை மடிக்கிறான், மனம் இல்லாத நாள் மடிக்கமாட்டான். இங்கே வாசிகசாலை கிழமையில் இரண்டு நாள்தான் திறக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் போகிறான். முதலில் அங்கேயும் புருவத்தை உயர்த்தினார்கள். நான் அவர்களிடம் இரக்கம் கேட்கவும் இல்லை, அவனுடைய கெட்டித்தனத்தைச் சொல்லவும் இல்லை. "வாசிக்க வந்திரிக்கார்" என்றேன். இப்போது பழகிவிட்டது.

வருகிற வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அவனும் உன்னிடம் வருகிறோம். அந்தத் தாய் வரும் நேரத்தில் நானும் உன் நூலகத்தில் இருப்பேன். அவளுக்குப் புத்தி சொல்ல மாட்டேன், பக்கத்தில் இருந்து ஏதாவது வாசிப்பேன், அவள் கதைத்தால் கதைப்பேன். ஒன்று மட்டும் செய்து வை. நீ அனுப்பிய செய்தியில் முறைப்பாடு செய்தவர்களின் பெயர்கள் இருந்தன, அறிவித்தல் எழுதச் சொன்னவரின் பெயரும் இருந்தது. அந்தத் தாயையும் பிள்ளையையும் மட்டும் 'ஒரு அம்மா', 'அந்தப் பிள்ளை' என்று எழுதியிருந்தாய். மூன்று மாதமாக வருகிறார்கள். வியாழக்கிழமைக்கு முதல் அவர்களுடைய பெயரைக் கேட்டு வை, மகள். நான் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

உன் அம்மா